இருட்டுக்கு எண்ணக் கற்றுக்கொடுத்தவர்

அன்று குகைக்குள் போனவர்கள் பதினாலு பேர். இருட்டில் ஒவ்வொருவராக நம்பர் சொல்லி முடித்த பிறகு, பதினைந்தாவதாகவும் ஒரு குரல் கேட்டது.

"பதினஞ்சு."

வழிகாட்டி முதலில் சிரித்தார். எல்லாக் கூட்டத்திலும் ஒரு கோமாளி வருவது வழக்கம். அவன் டிக்கெட் வாங்குவதே அதற்குத்தான். விளக்கைப் போட்டுவிட்டு, "யாருங்க அந்தப் பதினஞ்சு? கை தூக்குங்க, எல்லாரும் ஒரு தடவை கைதட்டிடலாம்" என்றார். யாரும் தூக்கவில்லை. பதினாலு மஞ்சள் ஹெல்மெட்டுகளும் திரும்பித் திரும்பி ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. ஓரமாக நின்ற பல் டாக்டர் ஒருவர் மட்டும், "எனக்குப் பின்னாலதான் கேட்டுது" என்று கட்டைவிரலால் தோளுக்குப் பின்னே காட்டினார். அவருக்குப் பின்னால் இடுப்பளவு உயரத்தில் கம்பித் தடுப்பு. தடுப்புக்குப் பின்னால் பள்ளம். அதன் ஆழத்தை அளக்க ஒரு காலத்தில் கயிறு விட்டுப் பார்த்தார்கள். கயிறு தீர்ந்தது, பள்ளம் தீரவில்லை.

"எதிரொலிங்க" என்றார் வழிகாட்டி.

சொல்லிவிட்டுப் படியேறும்போதுதான் அவருக்கு உறைத்தது. எதிரொலி, சொன்னதைத்தான் திருப்பிச் சொல்லும். அடுத்த நம்பரைச் சொல்லாது.

மலையடிவாரத்தில் இருந்த அந்தச் சுண்ணாம்புக் குகைக்கு, அரண்மனை, அருங்காட்சியகம், அருவி எல்லாவற்றையும் பார்த்து முடித்துவிட்டு, திரும்பும் பஸ்ஸுக்கு இன்னும் ரெண்டு மணி நேரம் இருக்கிறதே என்று முழிக்கிறவர்கள்தான் வருவார்கள். வாசலில் ஒரு டிக்கெட் கூண்டு. பக்கத்தில் குகை வடிவத்தில் அழிரப்பர் விற்கும் கடை. ஒன்று முதல் பதினாறு வரை நம்பர் எழுதிய ஹெல்மெட்டுகள் தொங்கும் ஆணிகள். செல்போன்களை வாங்கிப் பூட்டி வைக்க ஒரு இரும்பு அலமாரி; ஒரே வருஷத்தில் நாற்பத்தொரு செல்போன்கள் பள்ளத்தில் விழுந்த பிறகு வந்த சட்டம் அது. அதில் ஒன்று மூன்று நாள் விடாமல் அடித்துக்கொண்டிருந்ததாகவும், நாலாம் நாள் யாரோ எடுத்துவிட்டதாகவும் டிக்கெட் கூண்டில் இருக்கும் அக்கா சொல்வாள். அவள் சொல்வதில் பாதியைத் தள்ளிவிட வேண்டும். எந்தப் பாதி என்பதுதான் தெரியாது.

நூற்றெண்பது படி இறங்கினால் பெரிய கூடம். வழியில் யானைக் காது, தூங்குமூஞ்சிக் கரடி, மாமியார் நாக்கு என்று கல் விழுதுகளுக்கெல்லாம் வழிகாட்டியே பெயர் வைத்திருந்தார். பதினோரு வருஷமாக, நாளொன்றுக்கு நாலு சுற்று, அதே படி, அதே பேச்சு. "தலை பார்த்து." "படி வழுக்கும், பார்த்து வாங்க." "கையால தொடாதீங்க, ஒவ்வொரு சொட்டும் லட்சம் வருஷ வேலை." ராத்திரி தூக்கத்தில் அவர் "தலை பார்த்து" என்றால், பக்கத்தில் படுத்திருக்கும் மனைவி தூக்கத்திலேயே குனிந்துகொள்வாள்.

கூடத்தில்தான் இருட்டு நிமிஷம். சுவரில் ஒரு இரும்புப் பெட்டி, அதற்குள் விளக்குகளின் பெரிய சுவிட்சு. ஈரம் படாமலிருக்கக் கனமான மூடி போட்டிருந்தார்கள். மூடியை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டால்தான் மறு கையால் சுவிட்சைத் தள்ள முடியும்; விட்டால் பொத்தென்று விழுந்து விரலை நசுக்கும். "வெளியே நீங்க பார்த்ததெல்லாம் இருட்டே இல்லைங்க. இதுதான் இருட்டு. பயப்படாதீங்க. ஒரு நிமிஷந்தான்" என்று சொல்லிவிட்டு அவர் அணைப்பார். கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒன்றாக இருக்கும். தன் கையைத் தானே முகத்துக்கு நேரே ஆட்டிப் பார்ப்பார்கள். ஆட்டுகிறோமா என்றே சந்தேகம் வந்துவிடும்.

நம்பர் சொல்வது முதலில் கிடையாது. ஏழு வருஷத்துக்கு முன் ஒருநாள் இருட்டில் ஒரு ஆசாமி அரண்டுபோய்ப் பக்கத்தில் இருந்தவர் தலைமுடியைப் பிடித்தார். விளக்கைப் போட்டால் அவர் கையில் முடி இருக்கிறது, பக்கத்தில் இருந்தவர் தலையில் இல்லை. விக். அந்தக் கலாட்டாவுக்குப் பிறகு வழிகாட்டி ஒரு வழி கண்டுபிடித்தார். இருட்டில் ஹெல்மெட் நம்பரை வரிசையாக ஒவ்வொருவரும் உரக்கச் சொல்ல வேண்டும். பேச்சிருந்தால் பயம் குறையும், ஆளும் எண்ணியாகிவிடும். கடைசி நம்பர் வந்ததும் விளக்கு. ஜனங்களுக்கு அது பிடித்துப்போனது. குகையைப் பற்றி ஒரு வரி எழுதாதவர்கள்கூடக் கருத்துப் புத்தகத்தில் அதைப் பற்றி எழுதினார்கள். மேனேஜர் அதையே போஸ்டரில் போட்டுவிட்டார்: 'முழு இருட்டு! உங்கள் எண்ணை நீங்களே சொல்லுங்கள்!'

மறுநாள், செவ்வாய்க்கிழமை, பன்னிரண்டு பேர். வழிகாட்டி "பன்னெண்டு" வந்த பிறகும் விளக்கைப் போடாமல் காத்திருந்தார். எங்கோ நீர் சொட்டியது. யாரோ செருப்பைத் தேய்த்தார்கள்.

"பதிமூணு."

நேற்று அந்தக் குரல் வாய் நிறையத் தண்ணீரை வைத்துக்கொண்டு பேசியதுபோல் இருந்தது. இன்று தண்ணீரைத் துப்பியிருந்தது.

அன்று சாயந்திரம் அவர் மேனேஜரிடம் சொன்னார். மேனேஜர் ஸ்டேப்ளரில் பின் மாட்டிக்கொண்டே கேட்டார்.

"கூட ஒரு நம்பர்தானே? குறைஞ்சா சொல்லுங்க, பார்க்கலாம்."

புதன்கிழமை பத்துப் பேர். ஏழாம் நம்பர் ஒரு டயர் கடைக்காரர், மனைவியோடு வந்திருந்தார். படி முழுக்க வாய் ஓயவில்லை. மாமியார் நாக்கைக் காட்டியபோது, "அளவு சரியா இல்லையே, இன்னும் நாலடி வரணும்" என்று மனைவியைப் பார்த்துச் சொல்லிக் கிள்ளு வாங்கினார். இருட்டில் ஆறு வந்தது. ஏழு வந்தது. உடனே, கூடத்தின் வேறொரு மூலையிலிருந்து அதே டயர் கடைக்காரரின் குரல் குழப்பமாக, "ஏய், யாருப்பா அது? நான் வாயைத் திறக்கவே இல்லையே" என்றது. எல்லாரும் சிரித்தார்கள். எட்டு, ஒம்போது, பத்து. விளக்கு.

டயர் கடைக்காரர் தடுப்புக்குப் பக்கத்தில் நின்று புன்னகைத்துக்கொண்டிருந்தார். மேலே ஏறி முடிக்கும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. கார் நிறுத்துமிடத்தில், கதவை எந்தப் பக்கம் திறப்பது என்று தெரியாதவர்போல் காரைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

வியாழக்கிழமை காலை டிக்கெட் அக்கா கூண்டுக்குள்ளிருந்தே கூப்பிட்டாள். "அண்ணே, இங்க வாங்க, கூத்தைக் கேளுங்க. நேத்து வந்தாரே டயர் கடை, அவர் சம்சாரம் ஃபோன் பண்ணுச்சு. மனுஷன் வீட்டுக்குப் போனதிலேர்ந்து சாப்பிடக் கூப்பிட்டா 'எவ்வளவு நேரம் ஆகும்?'ங்கறாராம். கடைக்கு ஆள் வந்தா 'கையால தொடாதீங்க'ங்கறாராம். டயரைத் தொடாம எப்படிண்ணே வாங்குறது? உள்ள ஏதாவது வாயு கீயு இருக்கான்னு கேக்குது."

அவள் சிரித்தாள். வழிகாட்டியும் சிரிப்பதற்காக வாயைத் திறந்தார், திறந்தபடியே நின்றார். கையால தொடாதீங்க. அது அவருடைய வாசகம். எவ்வளவு நேரம் ஆகும் என்பது படியிறங்குகிற எல்லாரும் கேட்கிற கேள்வி. அந்தக் குகை தன் காலத்தில் கேட்டிருக்கும் பேச்சு மொத்தமும் அவ்வளவுதான்.

ஏழு வருஷம். ஒரு நாளைக்கு நாலு தடவை. ஒன்னு, ரெண்டு, மூணு. ஒரு கிளிக்கு இவ்வளவு பொறுமையாகச் சொல்லிக்கொடுத்திருந்தால் அது இந்நேரம் கணக்கு வாத்தியாராகியிருக்கும். அவர் இதைச் சொல்லிக்கொடுத்தது கிளிக்கில்லை.

அன்று நாலு சுற்றிலும் அவர் விளக்கை அணைக்கவில்லை. சுவிட்சில் கோளாறு என்றார். சாயந்திரம் கருத்துப் புத்தகத்தில் மூன்று புகார்கள் இருந்தன. மேனேஜர் அதைத் திறந்தபடியே கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தார்.

"போஸ்டர்ல போட்டிருக்கு. இருட்டைப் பார்க்க வந்தவனுக்கு இருட்டைக் காட்டணும். உங்களுக்கு முடியலைன்னா சொல்லுங்க, காட்ட வேற ஆள் இருக்கு."

வெள்ளிக்கிழமை காலை மனைவி மாடிக் கொடியில் துணியை உலர்த்திவிட்டு, கிளிப்பை வாயில் வைத்துக்கொண்டே இறங்கி வந்தாள். பள்ளிக்கூட ஆபீசில் குமாஸ்தா. நாள் முழுக்க முத்திரை குத்துகிற வேலை. வலது கட்டைவிரலில் ஊதா மை எந்த சோப்புக்கும் போகாமல் நிரந்தரமாக இருக்கும். பள்ளிக்கு அன்று லீவு.

"என்னங்க, குடும்பப் பாஸ் இன்னிக்கோட முடியுது. நாலு மணி சுத்துக்கு நான் வரேன்."

"இன்னிக்கு வேண்டாம்."

"பதினோரு வருஷமா இன்னிக்கு வேண்டாம்தான். ஊர்ல இருக்கறவனுக்கெல்லாம் காட்டுறீங்க. உள்ள எவளையாவது குடி வச்சிருக்கீங்களா?"

"கீழ ஏதோ சரியில்லை. நம்பர் கூடுது."

அவள் கிளிப்பை வாயிலிருந்து எடுத்து அவர் முகத்தை உற்றுப் பார்த்தாள். "சரியில்லாத இடத்துக்கு உங்களைத் தனியா அனுப்புவேனா? கண்டிப்பா வரேன்." பிறகு ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்தாள். "மழை வராம இருந்தா சரி. கொடி முழுக்கத் துணி."

மழைத்துளி ஒன்று விழுந்தால் போதும். அவள் அடுப்பில் என்ன இருந்தாலும் விட்டுவிட்டு மாடிக்கு ஓடுவாள். ஒருமுறை அவளுடைய அண்ணன் கல்யாணத்தில் பாதியில் எழுந்து ஓடியிருக்கிறாள். அது அவர்கள் வீட்டு மாடிகூட இல்லை.

நாலு மணிக்கு வாசலில் மேனேஜரே வந்து நின்றார். "வாங்கக்கா, வாங்க" என்று உபசாரமாக ஒரு ஹெல்மெட்டை எடுத்து அவள் கையில் கொடுத்தார். ஒன்பதாம் நம்பர். "முழு இருட்டையும் பார்த்துட்டு வந்து எனக்குச் சொல்லணும், என்ன?" என்று வழிகாட்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

பதினோரு பேர். நூற்றெண்பது படி. வழிகாட்டி எந்தப் படியிலும் நிற்கவில்லை. யானைக் காதைக் காட்ட மறந்தார். மனைவியே திரும்பி எல்லாருக்கும் காட்டி, "ஒவ்வொரு சொட்டும் லட்சம் வருஷ வேலைங்க" என்று அவர் குரலிலேயே சொல்லிச் சிரிக்கவைத்தாள். ஈரச் சுண்ணாம்பின் வாசனை, பழைய நாணயத்தை நாக்கில் வைத்ததுபோல், படிக்குப் படி கெட்டியானது. சட்டைக்குள் முதுகில் ஏதோ ஊர்ந்தது, தொட்டால் வியர்வை. அவர் சாவியைத் தடவினார், பாக்கெட்டைத் தடவினார், மறுபடி சாவியைத் தடவினார்.

கூடத்துக்கு வந்ததும் மனைவியைப் பெட்டிக்குப் பக்கத்தில் இழுத்து நிறுத்தினார். இடுப்பிலிருந்த சின்ன டார்ச்சை எடுத்து அவள் கையில் திணித்தார். மஞ்சள் பல்பு போட்ட பழைய டார்ச்.

"நீ நம்பர் சொல்ல வேண்டாம். யாரையும் சொல்லச் சொல்ல மாட்டேன். அணைச்சு, மனசுக்குள்ள அறுபது எண்ணி, போட்டுடுவேன். என் கையை விடாதே. ஏதாவதுன்னா இதை அமுக்கு."

"கை ஏன் இப்படி ஜில்லுன்னு இருக்கு உங்களுக்கு?" என்றாள் அவள்.

"பயப்படாதீங்க" என்றார் அவர் எல்லாருக்கும். "ஒரு நிமிஷந்தான்."

அணைத்தார். மூடி பொத்தென்று விழுந்தது. உடனே அவள் கையைப் பிடித்துக்கொண்டார். ஒன்று, இரண்டு, மூன்று, மனசுக்குள். எங்கோ சொட்டியது. பத்து. பதினொன்று. கூடத்தில் மூச்சுச் சத்தம், பதினோரு பேருக்கு உரியதைவிடக் கொஞ்சம் அதிகமாக.

அப்போது முன்வரிசையில் இருந்த ரிட்டையர்ட் போஸ்ட்மாஸ்டருக்குப் பொறுக்கவில்லை. போஸ்டரைப் படித்துவிட்டு வந்தவர்.

"நம்பர் சொல்லணுமே! நானே ஆரம்பிக்கறேன். ஒன்னு!"

"வேண்டாங்க" என்றார் வழிகாட்டி.

"ரெண்டு!" என்றது ஒரு பெண் குரல், சிரித்துக்கொண்டே.

"வேண்டாம். நிறுத்துங்க."

"மூணு." "நாலு!" "அஞ்சு."

அது விளையாட்டு என்று நினைத்தார்கள். அவர் நிறுத்தச் சொல்வதும் விளையாட்டின் ஒரு பகுதி என்று நினைத்தார்கள். "ஆறு." அவர் மனைவியின் கையை நசுக்கினார். "முந்திக்கோ. உன் நம்பரைச் சட்டுனு சொல்லிடு." "ஏழு." "என்னது?" என்றாள் அவள். "எட்டு."

"ஒம்போது."

அவளுடைய குரல். தெளிவான குரல். அதில் அவள் வழக்கமாக வைக்கும் சின்னச் சிரிப்புகூட இருந்தது.

தடுப்புப் பக்கத்திலிருந்து வந்தது.

அவர் காதோரம், சூடான மூச்சோடு, மெதுவாக: "என்னங்க. நான் இன்னும் சொல்லலையே."

"பத்து." "பதினொன்னு!" யாரோ கைதட்டினார்கள்.

சுவிட்சு. மூடியைத் தூக்க ஒரு கை. தள்ள ஒரு கை. அவருக்கு இருந்ததே இரண்டு கை. ஒன்றில் அவள்.

"அசையாதே" என்றார். விட்டார். மூடியைத் தூக்கினார். தள்ளினார்.

இரண்டு நொடிகூட இருக்காது.

வெளிச்சம். பதினோரு மஞ்சள் ஹெல்மெட். மனைவி அவருக்குப் பக்கத்தில்தான் நின்றாள். விட்ட இடத்தில், விட்டபடி. அவரைப் பார்த்துப் புன்னகைத்தாள். அவருக்கு அழுகை வந்துவிட்டது. அவள் கையைத் தேடிப் பிடித்தார். ஜில்லென்று இருந்தது. தன் கையும் அப்படித்தானே இருந்தது என்று சொல்லிக்கொண்டார்.

"டார்ச் எங்க?"

"படி வழுக்கும்" என்றாள் அவள். "பார்த்து வாங்க."

மேலே வந்தபோது மேனேஜர், "எப்படிக்கா இருந்துச்சு?" என்றார். அவள் புன்னகைத்தாள். ஹெல்மெட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். அதன் உட்புறத்திலிருந்து தண்ணீர் சொட்டியது. மேனேஜர் அன்றைக்கென்று தானே கதவைப் பூட்டிச் சாவியை வழிகாட்டியிடம் போட்டுவிட்டு, மெயினை அணைத்துவிட்டுக் கிளம்பினார். டிக்கெட் அக்கா கையாட்டினாள். ஒரு வெள்ளிக்கிழமை எப்படி முடியுமோ அப்படித்தான் முடிந்தது.

பஸ்ஸில் அவள் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாள். அவர் அவளுடைய வலது கட்டைவிரலைப் பார்த்தார். சுத்தமாக இருந்தது. ஒரு பொட்டு மை இல்லை. குகைத் தண்ணீர் பட்டுப் போயிருக்கும், சுண்ணாம்பு எதையும் எடுத்துவிடும் என்று அவர் தனக்கே விளக்கிக்கொண்டார். விளக்குவதுதானே அவர் தொழில். ஆனாலும் ஒரு எண்ணம் ஈபோல் வந்து வந்து உட்கார்ந்தது. இருட்டில் கையைத் தடவிப் பார்த்தால் விரல் தெரியும். நகம் தெரியும். மை தெரியாது.

வீட்டுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். விளக்கைப் போடவில்லை. அவர் போட்டார். "டீ போடட்டுமா?" என்றார்.

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"உடம்புக்கு ஏதாவது செய்யுதா?"

"பாத்ரூம் எங்க இருக்கு?" என்றாள், மரியாதையாக.

அவர் கை நீட்டிக் காட்டினார். அவள் போகவில்லை. குகைக்கு வருகிறவர்கள் கேட்கும் கேள்வி மட்டும்தான் அவளுக்குத் தெரியும் போலிருந்தது.

ஏழு மணிக்கு மழை வந்தது. முதலில் ஜன்னல் தகரத்தில் ஒன்று. பிறகு பத்து. பிறகு எண்ண முடியவில்லை. அவர் நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது எழுவாள். இதோ. மாடியில் துணி. எழு. செருப்பைக்கூடப் போடாமல் ஓடு. ஓடு, தாயே.

அவள் தலையைச் சாய்த்துச் சொட்டுகளைக் கேட்டாள். முகத்தில் ஒரு பெரிய நிம்மதி, சொந்த ஊர்ப் பேச்சைக் கேட்டவர்களுக்கு வருமே, அது.

"ஒவ்வொரு சொட்டும்" என்றாள், "லட்சம் வருஷ வேலை."

அவர் துணியை எடுக்கப் போகவில்லை. நாற்காலிக்கு முதுகைக் காட்ட முடியவில்லை.

விடிந்ததும், அவள் அதே நாற்காலியில் கண்ணைத் திறந்தபடி உட்கார்ந்திருக்க, அவர் பின்வாசல் வழியாக வெளியே வந்து வெளிப்பக்கம் பூட்டினார். முன்வாசலையும் பூட்டினார். பூட்டை இரண்டு முறை இழுத்துப் பார்த்தார். ஆறரை மணிக்குக் குகைக் கதவைத் திறந்து மெயினைப் போட்டு, ஹெல்மெட் இல்லாமல், நூற்றெண்பது படியும் ஓட்டமாக இறங்கினார். தலையில் இரண்டு இடத்தில் இடித்தது. "தலை பார்த்து" என்று சொல்ல ஆளில்லை.

கூடம் முழு வெளிச்சத்தில் இருந்தது. தடுப்பைப் பிடித்துக்கொண்டு பள்ளத்துக்குள் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். சொட்டு. மறுபடி கூப்பிட்டார். சொட்டு. செல்போனை எடுத்து அதன் விளக்கைப் போட்டுக் கீழே நீட்டினார். சட்டத்தை மீறி அவர் அதைக் கொண்டுவந்தது அதுவே முதல் தடவை. வெளிச்சம் ஏழெட்டு ஆள் ஆழம் போய், அதற்குமேல் போக மறுத்தது. இன்னும் கொஞ்சம் குனிந்தார். கை வியர்த்திருந்தது.

நாற்பத்திரண்டாவது செல்போன் சுழன்று சுழன்று விழுந்தது. வெளிச்சம் தட்டளவாகி, பொத்தானளவாகி, இல்லாமல் போனது. விழுந்த சத்தம் கேட்கவில்லை.

அவர் நிமிர்ந்து இரும்புப் பெட்டியைப் பார்த்தார். வெளிச்சத்தில் அந்தக் குகை யாரிடமும் எதுவும் பேசியதில்லை. இது அவருக்கு எப்போதும் தெரியும்.

மூடியைத் தூக்கினார். அணைத்தார்.

பொத்.

இருட்டு.

"ஒன்னு" என்றார். அவர் குரல் அவருக்கே பிடிக்கவில்லை.

"ரெண்டு. மூணு." சொட்டு. "நாலு. அஞ்சு. ஆறு."

"ஏழு" என்பதற்குள், வெகு ஆழத்தில், ஒரு ஆண் குரல் முந்திக்கொண்டது. "ஏழு! ஏழு நானுங்க! நான் வாயைத் திறக்கவே இல்லைங்க!"

தடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

"எட்டு."

நிறுத்தினார்.

சொட்டு.

சொட்டு.

"ஒம்போது."

தேய்ந்த குரல். ராத்திரி முழுக்க அதையே சொல்லிச் சொல்லித் தேய்ந்த குரல். "ஒம்போது. ஒம்போது நான்தாங்க." ஒரு மூச்சு. "என்னங்க... மழை வந்துதா? துணியை எடுத்தீங்களா?"

கீழே, கீழே, நினைத்துப் பார்க்க முடியாத கீழே, ஒரு மஞ்சள் புள்ளி எரிந்தது. டார்ச். எரிந்தது, மங்கியது, குலுக்கியதுபோல் மறுபடி எரிந்தது.

"எடுத்துட்டேன்!" என்று கத்தினார். பொய். "எல்லாத்தையும் எடுத்துட்டேன்! மடிச்சே வச்சுட்டேன்! அங்கயே இரு, லைட்டைப் போடறேன், ஆளைக் கூட்டிட்டு வரேன்!"

மஞ்சள் புள்ளி அணைந்தது.

அவர் சுவரைத் தடவினார். ஈரக் கல். ஈரக் கல். இரும்பு. பெட்டியின் விளிம்பு. மூடி.

மூடியின்மேல் ஏற்கெனவே ஒரு கை இருந்தது.

சில்லென்ற கை. வழுவழுப்பான கை. தண்ணீர் பட்டுப் பட்டு மழமழத்த கை. அது மூடியை அழுத்திப் பிடித்திருந்தது. அதன்மேல் இன்னொரு கை. இன்னொன்று, அவர் மணிக்கட்டில். அவர் பின்னால் நகர்ந்தார். முதுகில் கம்பித் தடுப்பு.

காதோரம், மூச்சில்லாமல், பதினோரு வருஷப் பழக்கத்தோடு, அவருடைய சொந்தக் குரல் சொன்னது:

"பயப்படாதீங்க. ஒரு நிமிஷந்தான்."